பெரிய பிளானா, ஒழுங்கான வரிசையா: துப்பாக்கி கேமுக்கு எது கைகொடுக்கும்?

"நூறு எம்பிபிஎஸ் லைன் போட்டும் லேக் அடிக்குதுங்க" என்ற புலம்பலைக் கோவை, திருப்பூர், ஈரோடு எங்கே போனாலும் கேட்கலாம். புலம்புகிறவர் அடுத்துச் செய்வது பெரும்பாலும் இரண்டில் ஒன்று. இருநூறு எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறுவார், இல்லையென்றால் வீடியோ பார்த்து விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் கை வைப்பார். நோய் ஓரிடம், மருந்து ஓரிடம். வாலரன்டோ சிஎஸ் 2-வோ (கவுன்டர்-ஸ்ட்ரைக் 2), இந்தத் துப்பாக்கி கேம்களுக்கு விளையாடும் நேரத்தில் ஓரிரு எம்பிபிஎஸ் இருந்தாலே ஓடிவிடும். பேக்கெட்டுகள், அதாவது தகவலின் சின்னச் சின்னப் பொட்டலங்கள், சீரான இடைவெளியில் போய் வருகின்றனவா என்பதுதான் கேள்வி.

முதலில் நம் கையில் இல்லாததை ஒதுக்கிவிடலாம். ஃபைபருக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். கோவையிலிருந்து மும்பை நேர்கோட்டில் கிட்டத்தட்ட 1,000 கிலோமீட்டர். அதனால் போய்த் திரும்ப 10 மில்லிசெகண்ட் எப்படியும் ஆகும். கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, நடுவில் பல ரூட்டர்கள் வேறு. ஆகவே நடைமுறையில் பிங் (பேக்கெட் சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் நேரம்) அதைப்போலச் சில மடங்கு வரும். வாலரன்டுக்கு மும்பையில் சர்வர் உண்டு. சிஎஸ் 2-க்கு மும்பையோடு சென்னையிலும் உண்டு. தவறிப்போய் சிங்கப்பூர் சர்வரில் விழுந்தால் தூரமே மூன்று மடங்கு. கேமில் சர்வர் தேர்வோ, அதிகபட்ச பிங் வரம்போ இருந்தால் அதை முதலில் பார்த்துவிடுங்கள்.

இனி நம் கையில் உள்ளது. இதில் பெரிய வில்லன் வீட்டு ரூட்டருக்குள் இருக்கும் வரிசை. திருப்பூர்ப் பக்கம் பாதி வீடுகள் ஆபீஸும்கூட. சாயங்காலம் அண்ணன் சாம்பிள் பீஸ் போட்டோக்களை டிரைவில் ஏற்றி பையருக்கு அனுப்புவார், வாசல் சிசிடிவி கிளவுடுக்கு ஏற்றிக்கொண்டிருக்கும், அதே நேரம் தம்பி ரேங்க் மேட்சில் இருப்பான். அப்லோட் வரும் வேகத்துக்கு லைன் ஈடுகொடுக்காதபோது ரூட்டர் மிச்சத்தை பஃபரில், அதாவது தன் தற்காலிக நினைவகத்தில், சேர்த்து வைக்கும். தம்பியின் குட்டி பேக்கெட்டும் அதே வரிசையின் கடைசியில்தான் நிற்க வேண்டும், பஞ்சு மூட்டை லாரிகளுக்குப் பின்னால் மாட்டிய மொபெட் மாதிரி. கணக்குப் போட்டால் விளங்கும். பஃபரில் 1 மெகாபைட் தேங்கியிருக்கிறது, அப்லோட் 20 எம்பிபிஎஸ் என்றால், அது வடிய 400 மில்லிசெகண்ட் ஆகும். எதிரியைச் சுட்ட சேதி சர்வருக்குப் போய்ச் சேருமுன் நாம் செத்திருப்போம். இதற்கு பஃபர்ப்ளோட் என்று பெயர்.

உங்கள் வீட்டில் இருக்கிறதா என்று பார்ப்பது சுலபம். கமாண்ட் பிராம்ப்டில் 8.8.8.8 என்ற கூகுள் முகவரிக்கு பிங்கை நிற்காமல் ஓடவிட்டு, போனிலிருந்து ஒரு பெரிய வீடியோவை டிரைவில் ஏற்றுங்கள். 20, 22, 21 என்று வந்துகொண்டிருந்த எண் 180, 310 என்று ஏறி, அப்லோட் முடிந்ததும் பழையபடி இறங்கினால் சந்தேகமே வேண்டாம்.

இதற்கு நான்கு வழி சொல்வார்கள். பிளானை ஏற்றுவது முதல் வழி. மேலே சொன்ன கணக்கில் அப்லோட் 100 எம்பிபிஎஸ் ஆனால் 400 என்பது 80 ஆகும். குறையும்தான், ஆனால் மாதாமாதம் கூடுதல் காசு கொடுத்தும் 80 மில்லிசெகண்ட் நிற்கிறது. அடுத்தது சாதா ரூட்டர்களில் உள்ள க்யூஓஎஸ், அதாவது கேம் ஆடும் கம்ப்யூட்டருக்கு முன்னுரிமை. வேகத்துக்கு ஒரு வரம்பும் சேர்த்து வைத்தால் ஓரளவு வேலை செய்யும். வரம்பு இல்லாவிட்டால் வரிசை ரூட்டரைத் தாண்டி ஓஎன்டி பெட்டிக்குள் (ஃபைபர் வந்து சேரும் பெட்டி) உருவாகிவிடும், அங்கே நம் முன்னுரிமையை யாரும் மதிப்பதில்லை.

மூன்றாவதுதான் என் ஓட்டு: எஸ்க்யூஎம், அதாவது வரிசையை ரூட்டரே புத்திசாலித்தனமாக நிர்வகிப்பது. ஓபன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரூட்டர் மென்பொருள் போட்ட ரூட்டரில் கேக் அல்லது எஃப்க்யூ-கோடெல் என்ற முறையைத் தேர்ந்தெடுத்து, லைனில் நிஜமாகக் கிடைக்கும் வேகத்தில் 85 முதல் 90 சதவீதத்தை வரம்பாக வைக்க வேண்டும். அப்லோட், டவுன்லோட் இரண்டுக்கும் தனித்தனியாக. அப்போது வரிசை நம் ரூட்டரிலேயே நிற்கும். ஒவ்வொரு இணைப்புக்கும் தனி வரிசை, முறை வைத்து வெளியேற்றம், அதிக நேரம் தேங்கினால் அனுப்புகிறவரையே மெதுவாக்கும் வேலையும் நடக்கும். எஃப்க்யூ-கோடெல் 2018-இல் ஆர்எஃப்சி 8290 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாகவே வெளியானது, நிறைய ஆராய்ந்து தேறிய முறை. பத்து சதவீத வேகத்தை விட்டுக்கொடுத்து, அண்ணன் எதை ஏற்றினாலும் அசையாத பிங்கை வாங்குகிறோம். எனக்கு இதைவிட நல்ல பேரம் தெரியவில்லை. சிக்கல் எங்கே என்றால், கேபிள்காரர் தரும் பெட்டியில் பெரும்பாலும் இந்த வசதி இருக்காது. "ஏனுங்ணா, ஓஎன்டியை பிரிட்ஜ் மோடுல போட்டுத் தர முடியுங்களா?" என்று கேட்டு (அந்தப் பெட்டி ரூட்டர் வேலையை விட்டுவிட்டு லைனை அப்படியே கடத்தும்), இணைப்புக்குள் நுழையும் பிபிபிஓஇ யூசர்நேம், பாஸ்வேர்டும் வாங்கி, சொந்த ரூட்டரில் போட வேண்டும். மறுத்தால் அவர் பெட்டிக்குப் பின்னாலேயே நம் ரூட்டரைச் செருகலாம். இரட்டை நாட் ஆகும், அதாவது முகவரி மாற்றும் வேலை இரண்டு பெட்டியிலும் நடக்கும், ஆனால் கம்பெனி சர்வரில் ஆடும் கேம்களுக்கு அதனால் பெரிய தொல்லை இல்லை. ரூட்டரின் பிராசஸர் வலுவாக இருப்பது மட்டும் முக்கியம். பழைய மலிவு ரூட்டர் நூறு எம்பிபிஎஸ்ஸிலேயே மூச்சு வாங்கும்.

செலவே வேண்டாம் என்றால் நான்காவது: ஏற்றுகிற இடத்திலேயே கடிவாளம் போடுவது. கம்ப்யூட்டரில் உள்ள டிரைவ் ஆப்பில் அப்லோட் வேக வரம்பு உண்டு. ஸ்டீமில் டவுன்லோட் வரம்பு உண்டு. விண்டோஸ் அப்டேட்டுக்கும் உண்டு. போன்களுக்கு இப்படிப் போடுவது கடினம், அங்கேதான் இந்த வழி ஓட்டை.

வைஃபையா, கேபிளா என்பதில் யோசிக்க ஒன்றுமில்லை, கேபிள்தான். வைஃபையில் ஒரே சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும், பக்கத்து வீட்டு ரூட்டரையும் சேர்த்து. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மட்டுமே. கோவை காந்திபுரம் மாதிரி நெருக்கமான இடத்தில் அந்த மூன்றிலும் தெருவே உட்கார்ந்திருக்கும். கேட் 5ஈ கேபிள் 100 மீட்டர் வரை கிகாபிட் தரும், மாடி அறைக்கு இழுக்கச் சில நூறு ரூபாய்தான். சுவரைத் துளைக்க வீட்டில் ஒப்புக்கொள்ளாவிட்டால் 5 கிகாஹெர்ட்ஸ், அதுவும் ரூட்டர் இருக்கும் அறையிலேயே. பழைய வீடுகளின் தடித்த சுவர் இரண்டைத் தாண்டினால் 5 கிகாஹெர்ட்ஸ் சோர்ந்துவிடும். போனில் பிஜிஎம்ஐ என்ற துப்பாக்கி கேம் ஆடுகிறவர்களும் டைப்-சி லேன் அடாப்டர் போட்டுப் பார்க்கலாம், பல ஆண்ட்ராய்டு போன்கள் ஏற்றுக்கொள்கின்றன.

ஃபைபரா, 5ஜி ஹோம் இணைப்பா? ஊருக்குள் இருந்தால் ஃபைபர். டவரை எல்லோரும் பங்கு போடுகிறார்கள், இரவு எட்டு மணிக்கு மேல் ஜிட்டர், அதாவது பிங்கின் ஏற்ற இறக்கம், கூடும். பொள்ளாச்சி, தாராபுரம் பக்கம் தோட்டத்துச் சாளையில் இருப்பவர்களுக்குக் கதை வேறு. அங்கே ஃபைபர் வந்தாலும் தென்னைகளுக்கு நடுவே கம்பத்துக்குக் கம்பம் தொங்கி வரும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆடியில் அடிக்கிற அடியில் மட்டை விழுந்து அறுந்தால், ஆள் வந்து ஒட்டும்வரை ஒன்றுமில்லை. அவர்கள் 5ஜியைத் துணைக்கு வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம், பெட்டியை டவர் பார்த்த ஜன்னலில் வைத்து.

மற்றவற்றைச் சீக்கிரம் முடிக்கலாம். டிஎன்எஸ்ஸை 1.1.1.1 ஆக்குவதால் கேமுக்குள் பிங் மாறாது, முகவரி தேடும் ஆரம்ப வேலை மட்டுமே அதனுடையது. நேகல் அல்காரிதத்தை (சின்ன பேக்கெட்டுகளைச் சேர்த்து அனுப்பும் முறை) அணைக்கும் ரெஜிஸ்ட்ரி வித்தை டிசிபி என்ற அனுப்பும் முறைக்கானது, துப்பாக்கி கேம்கள் ஆட்ட நேரத்தில் யூடிபி என்ற வேறு முறையில் ஓடுகின்றன. பிங் குறைக்கும் கட்டண விபிஎன்? பேக்கெட் போகும் பாதையைக் காட்டும் டிரேஸ்ரூட் ஓட்டிப் பாருங்கள். மும்பைக்குப் போக வேண்டியது சிங்கப்பூர் சுற்றிப் போனால் பலன் தரலாம். நேராகப் போகிறதென்றால் காசுக்குக் கேடு.

கடைசியாக கேமுக்குள் இருக்கும் பஃபரிங் அமைப்பு, வந்த பேக்கெட்டுகளைச் சற்றுப் பிடித்துவைத்துச் சீராகக் காட்டுவது. வாலரன்டில் நெட்வொர்க் பஃபரிங் என்று மினிமம், மாடரேட், மேக்ஸிமம் இருக்கும். சிஎஸ் 2-இல் பஃபர் இல்லை, ஒரு பேக்கெட், இரண்டு பேக்கெட். கூட்டினால் எதிரியின் அசைவு வழுக்கிக்கொண்டு வரும், ஆனால் சற்றுப் பழைய காட்சியாக. சிஎஸ் 2 நொடிக்கு 64 டிக், அதாவது சர்வர் ஆட்டத்தை நொடிக்கு 64 தடவை புதுப்பிக்கும், ஆக ஒரு பேக்கெட் கூட்டினால் சுமார் 16 மில்லிசெகண்ட் தாமதம். கேபிளும் எஸ்க்யூஎம்மும் உள்ள வீட்டில் மினிமம்தான் சரி. வைஃபையிலோ 5ஜியிலோ ஆடுகிறவர், எதிரி விட்டுவிட்டுத் தாவுவதைக் கண்டால் ஒரு படி கூட்டுங்கள். அதற்கும் மேல் போக வேண்டியிருந்தால் கோளாறு லைனில் இருக்கிறது, பிங் ஜன்னலைத் திறந்து அங்கே தேடுங்கள்.