நினிவேயும் ஏதோமும்: விதைத்ததும் அறுத்ததும்

பைபிளில் வரும் தீர்க்கதரிசி நாகூம், அசீரியாவின் தலைநகரான நினிவேயைக் கண்டிப்பது எளிதில் புரிகிறது. கி.மு. 663-இல் அசீரியப் படை எகிப்தின் நோ அம்மோனைச் சூறையாடியது. அந்த நகரத்தையே காட்டி, உனக்கும் அதே கதிதான் என்கிறார். கி.மு. 612-இல் பாபிலோனியரும் மேதியரும் சேர்ந்து நினிவேயை வீழ்த்தினார்கள்.

இன்னொரு தீர்க்கதரிசியான ஒபதியா சொல்லும் ஏதோம் நாடுதான் என்னை அதிகம் உலுக்குகிறது. யூதாவின் தலைநகர் எருசலேமின் மதிலை இடித்தது பாபிலோன், ஏதோம் அல்ல. யூதா மக்களின் மூதாதை யாக்கோபு; அவருடைய அண்ணன் ஏசாவின் வம்சம் அது, இரத்த உறவு! தம்பி வீடு கொள்ளைபோன நாளில் எட்டி நின்று பார்த்தது, மகிழ்ந்தது, தானும் கைநீட்டிப் பொருளை எடுத்தது. தப்பியோடியவர்களை வழிச்சந்திகளில் மறித்துப் பிடித்துக்கொடுத்தது. "நீ செய்தபடியே உனக்கும் செய்யப்படும்" என்ற வார்த்தை இவர்களுக்கே வந்தது. நினிவேக்காவது முன்பு யோனா தீர்க்கதரிசி அனுப்பப்பட்டார்; அவர் காலத்து மக்கள் மனந்திரும்பித் தப்பினார்கள். ஒபதியாவின் 21 வசனங்களில் ஏதோமுக்கு அப்படியொரு வாசல் திறக்கப்படவே இல்லை.