டிக்கெட்டில் விலையைவிட வரிசை எண்ணைப் பார்க்கத் தொடங்கிய கதை

கால்பந்து, ஹாக்கி ஆட்டங்களை அரங்கில் நேரில் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டு பத்து ஆண்டுகளுக்கு மேலாகிறது. விலை கூடினால் காட்சியும் தெளிவாகும் என்று தொடக்கத்தில் நம்பினேன். அந்த நம்பிக்கை கால்பந்தில் பாதி சரி. ஹாக்கியில் பெரும்பாலும் தவறு.

முதன்முறை கைக்கு மீறிச் செலவழித்து, எல்லைக்கோட்டை ஒட்டிய மூன்றாம் வரிசையில் அமர்ந்து ஒரு கால்பந்து ஆட்டம் பார்த்தேன். வீரர்கள் மூச்சு வாங்குவது கேட்டது, ஆட்டம்தான் புரியவில்லை. 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் கொண்ட திடலைத் தரைமட்டத்திலிருந்து நோக்கினால், எதிர்ப்பக்கத்தில் இருப்பவர்கள் ஒருவர்மேல் ஒருவர் படிந்த உருவங்களாகத் தெரிவார்களே தவிர, தற்காப்பு வரிசை எங்கே நிற்கிறது, ஆஃப்சைடு ஏன் கொடுக்கப்பட்டது என்பதெல்லாம் பிடிபடாது. இப்போது இருபது வரிசை மேலே, நடுக்கோட்டிலிருந்து சற்றுத் தள்ளியிருக்கும் இருக்கையையே தேடுகிறேன்.

திடலைச் சுற்றித் தடகள ஓடுதளம் உள்ள அரங்கு என்றால் இன்னும் மேலே போய்விடுவது நல்லது. ஓடுதளம் விழுங்கும் தூரத்தை முன்வரிசை டிக்கெட் ஈடுகட்டாது. இத்தாலியின் டுரின் நகரில் யுவென்டஸ் கழகம், ஓடுதளம் இருந்த டெல்லே ஆல்பி அரங்கை இடித்துவிட்டு, அதே இடத்தில் ஓடுதளமே இல்லாத அரங்கை 2011-இல் திறந்ததை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

ஹாக்கியில் கணக்கு வேறு. திடல் 91.4 மீட்டருக்கு 55 மீட்டர்தான். பந்து சிறியது, நனைத்த செயற்கைத் தரையில் கண்ணை ஏமாற்றிவிட்டு ஓடக்கூடியது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் நீலத் தரையும் மஞ்சள் பந்தும் வந்தபோது என்னைப் போன்றவர்களின் கண்களுக்கு ஓய்வு கிடைத்தது. ஆட்டத்தின் உயிரான பெனால்டி கார்னரை (விதிமீறலுக்காகத் தாக்கும் அணிக்குக் கோலருகே தரப்படும் வாய்ப்பு) நடுக்கோட்டு இருக்கையிலிருந்து பக்கவாட்டில்தான் பார்க்க முடியும். கோலுக்குப் பின்னால், மூலையை நோக்கிச் சற்று விலகி, பத்தாவது வரிசை அளவில் உட்கார்ந்தால், பந்து உள்ளே தள்ளப்படுவதும், தற்காப்பாளர்கள் பாய்ந்து வருவதும், டிராக் ஃபிளிக் (மட்டையால் பந்தை இழுத்துக் கோலை நோக்கி வீசுவது) எந்த இடைவெளியில் புகுகிறது என்பதும் ஒரே பார்வையில் கிடைக்கும். பாதுகாப்பு வலை குறுக்கே இருக்கும். ஐந்து நிமிடத்தில் கண் அதை மறந்துவிடும். இந்த இருக்கைகள் பெரும்பாலும் மலிவானவை என்பதை உரக்கச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது.

திடல்கள் பொதுவாக வடக்கு தெற்காக அமைக்கப்படுவதால், மாலை ஆட்டத்தில் கிழக்கு கேலரிக்கு வெயில் நேர் முகத்தில் அடிக்கும். இருக்கை வரைபடத்தில் திசைக்குறி இல்லையென்றால், செயற்கைக்கோள் படத்தில் அரங்கைத் தேடிப் பார்த்த பிறகே பணம் கட்டுகிறேன். ஒருமுறை, ‘பார்வை ஓரளவு மறைக்கப்படும்’ என்று சிற்றெழுத்தில் இருந்ததைக் கவனிக்காமல் வாங்கி, ஆட்டம் முழுவதும் ஒரு தூணோடு குடித்தனம் நடத்தினேன்.

டிக்கெட் வாங்கும் முறையும் மாறிவிட்டது. கைப்பேசி டிக்கெட்டுகள் பலவற்றில் குறியீடு சில விநாடிகளுக்கு ஒருமுறை மாறுவதால், ஸ்கிரீன்ஷாட் எடுத்து நண்பருக்கு அனுப்பினால் வாயிலில் செல்லாது. செயலியின் வழியாகவே அவர் பெயருக்கு மாற்ற வேண்டும். மறுவிற்பனையில் வாங்குவோர் அந்நாட்டுச் சட்டத்தையும் பார்ப்பது நல்லது: இங்கிலாந்தில் கால்பந்து டிக்கெட்டை அனுமதியின்றி மறுவிற்பனை செய்வது 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

எந்தக் கோலுக்குப் பின்னால் வாங்குவது என்று ஹாக்கிக்குப் புதியவர்கள் கேட்பதுண்டு. அணிகள் நான்கு கால்பகுதிகளில் இரண்டு முடிந்ததும் பக்கம் மாறுகின்றன. எந்த முனையில் உட்கார்ந்தாலும் இரு அணிகளின் தாக்குதலும் அரை ஆட்டம் வீதம் உங்களை நோக்கி வரும். ஆகவே வெயில் படாத முனையை எடுத்துக்கொள்ளுங்கள்.