நாலு வருஷமாகப் பழைய ஹேண்டிகேப் ஆட்டங்களுடன்

கோ என்பது கறுப்பு, வெள்ளைக் காய்களைப் பலகையில் வைத்து இடம் வளைக்கும் விளையாட்டு. அதில் பலம் குறைந்தவருக்கு ஈடாகக் கறுப்புக் காய்களை நட்சத்திரப் புள்ளிகள் எனும் குறியிட்ட இடங்களில் முன்கூட்டியே வைத்துக்கொடுப்பார்கள்; இதுதான் ஹேண்டிகேப். சலுகை வாங்கி ஆடுவதில் என்ன அழகு இருக்கப்போகிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 1683இல் ஜப்பானின் எடோ (இன்றைய டோக்கியோ) கோட்டையில் நடந்த ஓர் ஆட்டத்தைப் பலகையில் வைத்துப் பார்த்த அன்று அந்த எண்ணம் போய்விட்டது.

வெள்ளை, ஹோனின்போ என்ற கோ குடும்பத்தின் நான்காம் தலைவர் டோசாகு. கறுப்பு, யசுயி ஷுன்சி. இரண்டு காய் ஹேண்டிகேப். இன்றைய கணக்கில் ஏறக்குறைய 20 புள்ளி முன்னே நிற்பதற்குச் சமம். டோசாகு தோற்றது ஒரே ஒரு புள்ளியில். தன் வாழ்நாளின் சிறந்த ஆட்டமாக அவர் கருதியது, தோற்றுப்போன இந்த ஆட்டத்தைத்தான் என்பார்கள்.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் ஓர் ஆட்டம். பதிவை அட்டையால் மறைத்துக்கொண்டு வெள்ளையின் அடுத்த காயை ஊகிப்பேன். மூலையில் உரசல் தொடங்கியிருக்கும்; அங்கேயே அடுத்ததை வைக்கக் கை போகும். அட்டையை நகர்த்தினால் வெள்ளை எதிர் மூலைக்குப் போயிருக்கும்! விட்டுவந்த காய் கேட்பாரற்றுக் கிடக்கும். முப்பது நாற்பது காய் கழித்து, நடுவில் தவிக்கும் கூட்டத்துக்கு அதுதான் கை கொடுக்கும். அந்தக் கணத்துக்காகவே இந்த ஆட்டங்களைத் திரும்பத் திரும்ப வைக்கலாம்.

என் ஆட்டமும் மாறியது. வலுவான நண்பர் ஒருவரிடம் நாலு காய் வாங்கி ஆடிவந்தேன். அவர் எங்கே வைத்தாலும் பக்கத்திலேயே பதில் வைப்பேன். 1682இல் ரியூக்யூ தீவுகளிலிருந்து (இன்றைய ஒகினாவா) வந்த ஹமஹிகா பெய்ச்சினுக்கு டோசாகு நாலு காய் கொடுத்தும் 14 புள்ளியில் வென்ற ஆட்டத்தைக் கறுப்பின் பக்கம் உட்கார்ந்து பார்த்த பிறகு அந்தப் பழக்கத்தை விட்டேன். இப்போது மூன்று காயில் ஆடுகிறோம்.

1846இல் கென்னன் இன்செகி என்ற மூத்த ஆட்டக்காரர் 17 வயது ஷுசாகு என்ற இளம் ஆட்டக்காரருக்கு இரண்டு காய் கொடுத்து, 102ஆம் காயோடு முடிக்காமல் நிறுத்திக்கொண்ட ஆட்டமும் பார்க்க வேண்டியது. மறு ஆட்டத்தில் ஹேண்டிகேப்பே இல்லை.

சரி, குறை? தொடக்க வரிசைகளை இவற்றிலிருந்து அப்படியே எடுத்து ஆட முடியாது, காலம் மாறிவிட்டது. காய்க்கூட்டம் பிழைக்குமா சாகுமா என்று பார்க்கத் தெரியாதவர்கள் அதைப் பழகிவிட்டு வரட்டும்.

போன மாதம் பலகையைத் திருப்பிப் போட்டேன். இப்போது ஷுன்சியின் பக்கம். அந்த ஒரு புள்ளியை அவர் எந்த இடத்தில் காப்பாற்றினார் என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.