தோளுக்கு ஏற்ற பெயின்ட்பால் மார்க்கர்: நீண்ட நாள் பயன்படுத்தியதில் தெரிந்துகொண்டவை

பெங்களூரில் கனகபுரா ரோட்டுப் பக்கம், ஊர் முடிந்து தைல மரங்கள் தொடங்கும் இடத்தில் உள்ள மைதானங்களில் சில வருடங்களாக பெயின்ட்பால் ஆடுகிறேன். மார்க்கர் என்கிற காற்றுத் துப்பாக்கியால் சாயப் பந்தைச் சுட்டு எதிரணியை அவுட் ஆக்கும் ஆட்டம் அது. அல்சூர், ஈஜிபுரா பக்கத்துத் தமிழர்கள்தான் எங்கள் குழுவில் அதிகம். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "எந்த மார்க்கர் நல்லா சுடும்?" என்றுதான். எந்த மார்க்கர் உங்கள் தோளுக்கும் விரலுக்கும் நடுவே பொருந்தி உட்காருகிறதோ, அதுதான். வேகமும் குறியும் அதற்கு அப்புறம்.

நான் அதிகம் பயன்படுத்தியது டிப்மன் 98 கஸ்டம். வாடகைக்கு விடுகிற இடங்களில் பரவலாக இருக்கும், முரட்டுத்தனமாக உழைக்கும் மார்க்கர் அது. அதில் காற்று டேங்க் கைப்பிடிக்குப் பின்னால் நீட்டிக்கொண்டு நிற்கும். தோளில் அண்டக் கொடுப்பதும் அந்த டேங்கைத்தான். ஆகவே டேங்க் எவ்வளவு நீளமோ, அதைப் பொறுத்துத்தான் உங்கள் கை மடங்கும். என் உயரம் ஐந்தடி இரண்டங்குலம். பெரிய டேங்க் மாட்டினால் முன்கை முழுக்க நீண்டுவிடுகிறது, பேரல் (சுடும் குழல்) முனை தொங்குகிறது, ஒரு ஆட்டம் முடிவதற்குள் தோள்பட்டை கடுக்கிறது. 48 கன அங்குல அலுமினிய டேங்குக்கு மாறிய பிறகு அந்த வலி இல்லை. எங்கள் குழுவிலேயே ஆறடிக்காரர் ஒருவருக்கு அதே டேங்க் சரிப்படவில்லை; முழங்கையை ஒடுக்கி, குறுகி நிற்க வேண்டியிருக்கிறது. அவர் 68 கன அங்குல கார்பன் ஃபைபர் டேங்க்தான் வைத்திருக்கிறார்.

அளந்து பார்க்க எளிய வழி உண்டு. முழங்கையை செங்கோணமாக மடக்கி, டேங்கின் பின்முனையை முழங்கை மடிப்பில் வையுங்கள். ஆள்காட்டி விரல் இழுக்காமல் நீட்டாமல் ட்ரிகரில் படிந்தால் நீளம் சரி. வாடகை மேசையில் நின்றபடியே பார்த்துவிடலாம். அடுத்தவர் காத்திருக்கிறாரே என்று தயங்காதீர்கள், நாள் முழுக்க தூக்கப் போவது நீங்கள்தான்.

எடையையும் சேர்த்தே யோசியுங்கள். மார்க்கர் மட்டும் கிட்டத்தட்ட ஒன்றேகால் கிலோ, டேங்க் இன்னொரு கிலோவுக்கு மேல். ஒரு பந்து ஏறத்தாழ 3 கிராம், மார்க்கரின் மேலே உட்காரும் பந்துக் குடுவையான ஹாப்பரில் 200 பந்து என்றால் 600 கிராம் தலைப்பாரம். கையில் மூன்று கிலோ ஆகிவிட்டது. நான் ஹாப்பரை முக்கால்வாசிதான் நிரப்புவேன். மீதி இடுப்பில் உள்ள குப்பிகளில்.

கார்பன் டை ஆக்சைடா, அழுத்தக் காற்றா என்றால் யோசிக்காமல் அழுத்தக் காற்று. கார்பன் டை ஆக்சைடு சிலிண்டருக்குள் திரவமாக இருக்கும், அதன் அழுத்தம் வெயிலோடு ஏறும், குளிரோடு இறங்கும். டிசம்பர் காலையில் குரோனோகிராஃபில் (பந்தின் வேகத்தை அளக்கும் கருவி) நொடிக்கு 270 அடி காட்டிய மார்க்கர் மதியம் 300-ஐத் தாண்டியதைப் பார்த்திருக்கிறேன். பல மைதானங்களின் வரம்பே 280 முதல் 300தான். அந்த வேகத்தில் கிட்டத்தில் வாங்கினால் தோல் கன்றிவிடும். கார்பன் டை ஆக்சைடு மட்டுமே கிடைக்கிற இடம் என்றால் சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு வேகத்தை மறுபடி அளக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

இனி நிற்கும் விதம். துப்பாக்கி பிடித்தவுடன் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, வலது முழங்கையை இறக்கை மாதிரி வெளியே தூக்கிக்கொள்வது எல்லோருக்கும் வருகிற பழக்கம். எங்கள் மைதானத்து மார்ஷல், அதாவது நடுவர், ஓசூர்ப் பையன். புதியவர்கள் பின்னால் போய் நின்று, "அண்ணா, முழங்கையை உள்ள போடுங்க, அதுலதான் அடிப்பாங்க" என்று விலாவோடு சேர்த்து அழுத்திவிடுவான். அவன் சொல்வது முழு நியாயம். தடுப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் எதன் மீதும் பந்து வெடிக்கும், வெடித்தால் நீங்கள் அவுட்.

நெஞ்சு எதிரியைப் பார்த்து நேராக இருக்கட்டும். கால்கள் தோளகலம், முட்டி லேசாக மடக்கி, பாரம் முன்பாதத்தில். இப்படி நின்றால்தான் இடமோ வலமோ உடனே ஓட முடியும். டேங்க் முனையைத் தோளின் ஓரத்தில் வைக்காமல், நெஞ்சை ஒட்டி, கழுத்தெலும்புக்குக் கீழே வையுங்கள். காரணம் மாஸ்க். அதன் தாடைப் பகுதி துருத்திக்கொண்டிருப்பதால் கன்னத்தை மார்க்கரில் பதிக்க முடியாது. உள்ளே தள்ளிப் பிடித்தால்தான் பேரல் கண்ணுக்கு நேராக வரும். மார்க்கரை முகத்துக்கு உயர்த்துங்கள், முகத்தை மார்க்கருக்குக் குனிக்காதீர்கள். திங்கட்கிழமை கழுத்து வலி வருவது பெரும்பாலும் இந்தக் குனிவால்தான். இரண்டு கண்ணும் திறந்திருக்கட்டும். பந்து பறப்பது கண்ணுக்குத் தெரியும். 30 மீட்டருக்குள்ளேயே தாழத் தொடங்கும், விழுகிற இடத்தைப் பார்த்து அடுத்ததைத் தூக்கி அடிக்க வேண்டியதுதான்.

தடுப்பில் ஒட்டிக்கொண்டு நிற்காதீர்கள், ஒரு கை தூரம் விடுங்கள். வலப்பக்கம் எட்டிப் பார்க்கும்போது வலது கை ட்ரிகரில், இடப்பக்கம் என்றால் இடது கை. டிப்மன் 98-இல் ஹாப்பர் கழுத்து வலப்பக்கம் சாய்ந்திருப்பதால் இடது கைக்கு மாறினால் ஹாப்பர் பார்வையை மறைக்கிறது. இதுதான் அந்த மார்க்கரில் எனக்கு இன்றுவரை தீராத குறை. இடது கைக்காரர்கள் ஹாப்பர் நடுவில் உட்காரும் மார்க்கர் இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

மாஸ்கில் சிக்கனம் வேண்டாம். ஒற்றைக் கண்ணாடி வாடகை மாஸ்க் நம் ஊர் ஜூலை மழையில் இரண்டே நிமிடத்தில் பனிமூட்டமாகிவிடும், பார்வை மறைந்ததும் கை தானாக அதைத் தூக்கப் போகும். மைதானத்துக்குள் எக்காரணத்துக்கும் மாஸ்கைக் கழற்றக்கூடாது. போகிற கண் திரும்பி வராது. இரட்டை அடுக்குத் தெர்மல் லென்ஸ் போட்ட மாஸ்க் நான் சொந்தமாக வாங்கிய முதல் பொருள், இன்றும் அதுதான் என் பையில் முதலில் போகிறது.

டேங்கை இடுப்பில் கட்டி, சுருள் குழாயால் மார்க்கரோடு இணைக்கும் ரிமோட் முறையையும் கொஞ்ச காலம் வைத்துப் பார்த்தேன். மணிக்கட்டு வலி உள்ளவர்களுக்கு நல்ல ஆறுதல், கையில் ஒரு கிலோ குறைகிறது. ஆனால் அண்டக் கொடுக்க டேங்க் இல்லாததால் தோளில் அண்டும் கட்டையான பட் ஒன்றைத் தனியாக மாட்ட வேண்டும். நீளம் கூட்டிக் குறைக்கிற மாதிரி வாங்குங்கள். புதர் உள்ள இடத்தில் குழாய் கிளையில் மாட்டும், கை மாற்றும்போது குறுக்கே வரும். திறந்த, காற்றடைத்த தடுப்புகள் உள்ள மைதானம் என்றால் இன்றும் ரிமோட்தான் எடுப்பேன். தைல மரத்துக்குள் என்றால் சின்ன டேங்க்.