சாரிஸார்டிடம் மிச்சமிருந்த ஒரு ஹெச்பி: ஐந்து வருட போகிமான் ஷோடவுன் அனுபவம்

2020 ஊரடங்கில் வேறு வேலை இல்லாமல் ஆரம்பித்த பழக்கம் இது. வீட்டில் நின்டெண்டோ ஸ்விட்ச் (போகிமான் கேம்கள் ஓடும் கருவி) கிடையாது, வாங்கும் உத்தேசமும் அப்போது இல்லை. இருந்தது ஒரு பழைய லேப்டாப். போகிமான் ஷோடவுனுக்கு அது போதும். 2011-லிருந்து இயங்கும் இலவச போகிமான் சண்டை சிமுலேட்டர் இது, பிரவுசரிலேயே ஓடும். போகிமானைப் பிடிப்பது, வளர்ப்பது, லெவல் ஏற்றுவது எதுவும் இல்லை. ஆறு பேர் கொண்ட டீமைத் தட்டச்சு செய்து கொடுத்தால் அடுத்த நிமிடம் எங்கோ இருக்கும் ஒருவரோடு சண்டை. ரேட்டிங் 1000-ல் தொடங்கும். என்னுடையது இப்போது 1600-ஐச் சுற்றி ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. பெரிய ஆள் இல்லை. ஆனால் தோற்ற கணக்கில் நல்ல அனுபவஸ்தன், அதனால் புதிதாக வருபவர்களிடம் சொல்லச் சில விஷயங்கள் உண்டு.

என் முதல் டீம்: சாரிஸார்ட், கெங்கார், கியாரடோஸ், ஸ்னார்லாக்ஸ், ஆர்க்கனைன், லூகாரியோ. அதாவது எனக்குப் பிடித்த ஆறு பேர். ஒவ்வொன்றுக்கும் நான்கு மூவ், நான்கும் அடி. டைப் அட்டவணை மனப்பாடம், தண்ணீர் நெருப்பை அணைக்கும், நெருப்பு புல்லை எரிக்கும் என்ற அளவில். இதற்கு மேல் என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

முதல் ஆட்டம். எதிராளி முதல் டர்னிலேயே ஃபெரோத்தார்னை வைத்து ஸ்டெல்த் ராக் போட்டார். தரையெல்லாம் கூர்மையான கற்கள். அடிக்காமல் கல் பொறுக்கிக்கொண்டிருக்கிறாரே என்று சிரித்துவிட்டு சாரிஸார்டை இறக்கினேன். புல்லும் இரும்பும் கலந்த ஃபெரோத்தார்னுக்கு நெருப்பு என்றால் நான்கு மடங்கு அடி. ஆனால் சாரிஸார்ட் நெருப்பு, பறவை என்ற இரட்டை டைப். இரண்டுக்குமே பாறை ஆகாது. ஆகவே ஸ்டெல்த் ராக் கிடக்கும் களத்தில் கால் வைத்தாலே பாதி உயிர் போய்விடும். 297 ஹெச்பியில் (உயிர்ப் புள்ளிகளில்) 148 போனது. அவர் அலட்டிக்கொள்ளாமல் ஃபெரோத்தார்னை எடுத்துவிட்டு விஷமும் தண்ணீரும் கலந்த டாக்ஸபெக்ஸைக் கொண்டுவந்தார். என் நெருப்பு அதன் மேல் பட்டு ஆவியானது. வேறு வழியில்லாமல் சாரிஸார்டைப் பின்னால் அழைத்தேன். இரண்டு டர்ன் கழித்து மறுபடி ஃபெரோத்தார்ன். மறுபடி சாரிஸார்ட். மறுபடி 148. மிச்சம் 1.

அந்த ஒன்றைப் பார்த்ததும் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. ஃபெரோத்தார்ன் ஆமை வேகம், நான்தான் முதலில் அடிப்பேன். ஃபயர் பிளாஸ்ட் கொடுத்தேன். அதன் துல்லியம் 85 சதவீதம். என்ன நடந்திருக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

அந்த ஒரு ஹெச்பி எப்படி மிஞ்சியது என்று பிறகுதான் புரிந்தது. மொத்த ஹெச்பி ஒற்றைப்படை எண்ணாக இருந்ததால் பாதியைக் கணக்கிடும்போது சிமுலேட்டர் மிச்ச பின்னத்தை விட்டுவிடுகிறது. பலம், வேகம், ஹெச்பி என்று நாமே பிரித்துப் போடும் ஈவி புள்ளிகளில் மீந்த 4-ஐ எதேச்சையாக டிஃபென்ஸில் போட்டிருந்தேன். ஹெச்பியில் போட்டிருந்தால் 298 ஆகி, இரண்டாவது முறை கால் வைத்ததும் செத்திருக்கும். தெரிந்தவர்கள் இதை வேண்டுமென்றே செய்கிறார்கள். ஒரு சண்டை விளையாட்டுக்குள் இவ்வளவு கணக்குப்பிள்ளை வேலையா என்று வியந்தது அன்றைக்குத்தான். அன்றிலிருந்துதான் உண்மையில் விளையாட ஆரம்பித்தேன்.

சரி, புதியவர்கள் எங்கே தோற்கிறார்கள்? அடிப்பதில் இல்லை, மாற்றுவதில். களத்தில் இருப்பவரை வெளியே எடுத்து இன்னொருவரை அனுப்ப ஒரு டர்ன் செலவாகும். வருபவர் ஓர் அடியை வாங்கியாக வேண்டும். அந்தச் செலவுக்குப் பயந்து நாங்கள் எல்லோரும் ஆரம்பத்தில் நின்று சண்டை போட்டுச் சாவோம். நானும் ஒரு வருடம் அப்படித்தான் செத்தேன்.

ஓர் உதாரணம். என் கியாரடோஸ் முன்னால் எதிராளியின் ராட்டம் வாஷ் நிற்கிறது. மின்சாரமும் தண்ணீரும் கலந்த வாஷிங் மெஷின் அது (ஆமாம், நிஜமாகவே வாஷிங் மெஷின்). கியாரடோஸுக்கு மின்சாரம் நான்கு மடங்கு. பின்னால் என்னிடம் கார்சோம்ப் இருக்கிறது, தரை டைப் என்பதால் மின்சாரம் அதைத் தொடாது. அப்படியானால் கார்சோம்பைக் கொண்டுவர வேண்டும். இது முதல் படி. இதற்கே எனக்குப் பல மாதம் ஆனது. கொண்டுவந்தேன், ராட்டத்தின் மின்சார அடியான வோல்ட் ஸ்விட்ச் ஒன்றும் செய்யவில்லை. பெருமையோடு தரை டைப் அடியான எர்த்குவேக் கொடுத்தேன். அதுவும் ஒன்றும் செய்யவில்லை, ஏனென்றால் ராட்டம் மிதக்கிறது. மவுஸை வைத்தால் வரும் பெட்டியில் லெவிடேட் என்று அதன் திறன் எழுதியிருந்ததை நான் படிக்கவில்லை. எந்த மூவையும் அழுத்துவதற்கு முன்னால் எதிராளியின் மேல் மவுஸை வைத்து அதன் திறனைப் படிப்பது என்ற பழக்கம் அந்த வாரம் வந்தது.

இரண்டாம் படி இன்னும் மோசம். அடுத்தடுத்த ஆட்டங்களில் எதிராளிகள் நான் கார்சோம்பைத்தான் கொண்டுவருவேன் என்று தெரிந்துகொண்டு, மின்சாரத்தை விட்டுவிட்டு வில்-ஓ-விஸ்ப் போட்டார்கள். தீக்காயம் பட்டால் உடல் பலத்தால் அடிக்கும் அடி பாதியாகிவிடும். கார்சோம்பின் பலமே அதுதான். சாகவில்லை, ஆனால் அந்த ஆட்டம் முழுக்கப் பல் பிடுங்கிய பாம்பு. அப்போதுதான் எனக்கு உறைத்தது: எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கும் என் ஆறு பேர் தெரியும், அவரும் யோசிக்கிறார். அதுவரை நான் விளையாடியது எனக்கு நானே.

இதற்குப் பிறகு ஆட்டம் தொடங்குமுன் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்வதை வழக்கமாக்கினேன். இரண்டு டீமும் திரையில் தெரியும் அந்த நேரத்தில், என் ஆறு பேரில் எவர் இல்லாவிட்டால் இந்த ஆட்டம் கைவிட்டுப் போகும்? அவரைப் பொத்திப் பாதுகாக்க வேண்டும். மற்றவர்களில் யாரையும் தேவைப்பட்டால் சதுரங்கத்தில் காய் கொடுப்பதுபோல் கொடுக்கலாம். கொடுப்பதிலும் லாபம் உண்டு. ஒருவர் விழுந்த பிறகு அடுத்தவரை அடி வாங்காமல் இறக்கலாம். எதிராளியிடம் டிராகனைட் இருந்தால், முழு ஹெச்பியில் வாங்கும் அடியைப் பாதியாக்கும் மல்டிஸ்கேலை உடைக்க என் ஸ்டெல்த் ராக் தேவை. ஆகவே ராக் போடுபவர்தான் அன்றைக்கு முக்கியம். இன்னொரு நாள் அதே போகிமானை மூன்றாவது டர்னிலேயே சாகவிடுவேன். டீம் மாறவில்லை, கேள்விக்குப் பதில்தான் ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும்.

ஈவி, நேச்சர் (ஒரு எண்ணைக் கூட்டி இன்னொன்றைக் குறைக்கும் சுபாவம்) கணக்கைப் பற்றிப் பயப்பட வேண்டாம். ஈவி மொத்தம் 510, ஒன்றில் அதிகபட்சம் 252, அவ்வளவுதான். ஆரம்பத்தில் மற்றவர்கள் பரிந்துரைப்பதை அப்படியே போடுங்கள். ஆனால் ஒரு தடவையாவது ஸ்பீடு எண்ணை உட்கார்ந்து பாருங்கள். லெவல் 100-ல் முழு ஈவியோடு, வேகத்தைக் கூட்டும் ஜாலி நேச்சர் கார்சோம்பின் வேகம் 333. அடிப்படை வேகம் 100 உள்ள போகிமான்கள் முழு வீச்சில் வந்தாலும் 328. ஐந்து புள்ளி வித்தியாசம்தான், அதுதான் யார் முதலில் அடிப்பது என்பதைத் தீர்மானிக்கிறது. பலம் வேண்டும் என்று ஆசைப்பட்டு அடமண்ட் நேச்சர் கொடுத்தேன் ஒரு காலத்தில். வேகம் 303. கூடிய பலத்தைக் காட்டுவதற்கு உயிரோடு இருக்க வேண்டுமே.

எங்கே தொடங்குவது என்று கேட்டால் ரேண்டம் பேட்டில் என்பேன். டீமை அதுவே தரும், இரண்டு பேருக்கும் எதேச்சையாக. டீம் கட்டத் தெரியாத குறை அங்கே தெரியாது. எந்தப் போகிமான் என்ன செய்யும் என்று தானாக மனதில் ஏறும். மூன்று நான்கு மாதம் இதிலேயே இருங்கள். பிறகு ஓயூ (டீமை நாமே கொண்டுவரும் முக்கியப் பிரிவு) பக்கம் வரும்போது சொந்தமாக டீம் கட்டாதீர்கள். இது பலருக்குக் கசக்கும், எனக்கும் கசந்தது. ஸ்மோகான் என்ற போகிமான் போட்டித் தளத்தில் மாதிரி டீம்கள் கிடைக்கும், ஒன்றை எடுத்து நூறு ஆட்டம் ஆடுங்கள். பத்து ஆட்டம் தோற்றதும் டீமை மாற்றினால் தோற்றது நாமா டீமா என்றே தெரியாது. நான் ஒரே மாதத்தில் பதினான்கு டீம் மாற்றியிருக்கிறேன். ரேட்டிங் இருந்த இடத்திலேயே இருந்தது.

ஓர் அடி எவ்வளவு ஹெச்பியைக் குறைக்கும் என்று கணக்கிடும் டேமேஜ் கால்குலேட்டரையும் பிரவுசரின் இன்னொரு டேபில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரே அடி ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு விழாது. 85 முதல் 100 சதவீதம் வரை பதினாறு படிகளில் ஏதோ ஒன்றாக விழும். "செத்துவிடும்னு நினைச்சேன்" என்ற வாக்கியத்தை என் வாழ்க்கையிலிருந்து பெருமளவு குறைத்தது இந்தக் கருவிதான்.

இனி 2023-ல் நடந்த ஓர் ஆட்டம். அந்த ரீப்ளேயை இன்னும் வைத்திருக்கிறேன். என்னிடம் மிச்சம் கோல்டெங்கோ, பாதி ஹெச்பி. அவரிடம் மிச்சம் கிங்காம்பிட். டெராவை (ஆட்டத்துக்கு ஒரு முறை ஒருவரின் டைப்பை மாற்றும் வசதி) இருவருமே வேறு ஆட்களுக்குச் செலவழித்துவிட்டோம். கிங்காம்பிட்டிடம் சக்கர் பஞ்ச் இருக்கிறது. நான் தாக்கினால் அது முந்திக்கொண்டு அடிக்கும், நான் தாக்காவிட்டால் அது வீணாகும். என்னிடம் ஃபோகஸ் பிளாஸ்ட், பட்டால் நான்கு மடங்கு, ஆனால் துல்லியம் எழுபதுதான். ஹெச்பியை மீட்கும் ரெக்கவர் இருக்கிறது, பலத்தைக் கூட்டும் நாஸ்டி பிளாட் இருக்கிறது. அவர் சக்கர் பஞ்சுக்குப் பதிலாக இன்னொரு இருள் அடியைத் தேர்ந்தால், வேகம் என்னுடையது என்பதால் நான் முதலில் அடித்து முடித்துவிடலாம்.

முதல் டர்ன் ரெக்கவர் போட்டேன். அவர் சக்கர் பஞ்ச், வீண். இரண்டாவது டர்ன் நாஸ்டி பிளாட். மறுபடி சக்கர் பஞ்ச், மறுபடி வீண். இப்போது யோசியுங்கள். அவர் இரண்டு முறை ஏமாந்துவிட்டார், மூன்றாவது முறை மாற்றிக்கொள்வார். அப்படித்தான் நான் நினைத்தேன். ஃபோகஸ் பிளாஸ்டை அழுத்தினேன். அவர் மூன்றாவது முறையும் சக்கர் பஞ்சே போட்டார்.

இதில் எரிச்சல் என்னவென்றால் எனக்கு அவசரமே இல்லை. சக்கர் பஞ்சை மொத்தம் எட்டு முறைதான் போட முடியும். ரெக்கவரும் நாஸ்டி பிளாட்டும் சேர்ந்தால் என்னால் அதற்கு மேலும் தாக்காமல் இருக்க முடியும். மூன்றாவது டர்னில் முடிக்க வேண்டும் என்ற நெருக்கடி என் தலைக்குள் மட்டும் இருந்தது. அன்று இரவு தூக்கம் வராமல் இன்னும் ஆறு ஆட்டம் ஆடி ஆறையும் தோற்றேன். இப்போது ஒரு விதி வைத்திருக்கிறேன்: தொடர்ந்து இரண்டு தோல்வி என்றால் லேப்டாப்பை மூடிவிட்டு டீ போடப் போய்விட வேண்டும். கோபத்தில் ஆடிய ஆட்டத்தில் ரேட்டிங் ஏறிய நாள் எனக்கு நினைவில்லை.

அதிர்ஷ்டத்தைப் பற்றிப் புலம்பாமல் இருக்க முடியுமா? முடியாது. கிரிட்டிக்கல் அடி இருபத்து நான்கில் ஒன்று, ஐஸ் பீமில் உறைவது பத்தில் ஒன்று. எல்லாம் எனக்கு மட்டும் நடப்பதுபோல் இருக்கும். முன்னணியில் இருக்கும்போது ஃபயர் பிளாஸ்டுக்குப் பதில் தவறாத ஃபிளேம்த்ரோவரை வைப்பது, தேவையில்லாமல் கூடுதலாக ஒரு டர்ன் களத்தில் நிற்காமல் இருப்பது என்று அதைக் கொஞ்சம் குறைக்கலாம். மழைக்காலத்தில் நெட் போய் ஆட்டம் பறிபோவதற்குத்தான் இன்னும் மருந்து கிடைக்கவில்லை.

2024-லிருந்து டபுள்ஸும் ஆடுகிறேன், சித்தப்பா மகனின் ஸ்விட்சில் போகிமான் ஸ்கார்லெட் கேம் போட்டு. விஜிசி என்ற அதிகாரபூர்வப் போட்டி முறை இது. ஆறு பேரில் நால்வரை மட்டும் தேர்ந்து, லெவல் 50-ல் இரண்டிரண்டாக இறக்க வேண்டும். ரெண்டல் கோடு ஒன்றை உள்ளிட்டால் இன்னொருவர் டீமை அப்படியே எடுத்து ஆடலாம், வளர்க்கும் வேலை மிச்சம். முதல் நாளே எர்த்குவேக் போட்டு என் சொந்தக் கூட்டாளிப் போகிமானைக் கொன்றேன். அது பக்கத்தில் நிற்பவரையும் அடிக்கும் என்று சிங்கிள்ஸ் புத்தியில் மறந்துவிட்டது. சித்தப்பா மகன் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறான்.

டபுள்ஸில் என்னை இழுத்தது 2014 போகிமான் உலகப் போட்டியின் காணொளி. வாஷிங்டன் டி.சி.யில் நடந்த அந்தப் போட்டியை வென்ற கொரியாவின் செஜுன் பார்க், பச்சிரிசு என்ற அணில் போகிமானை டீமில் வைத்திருந்தார். யாரும் சீந்தாத பொடியன். ஆனால் அதன் வோல்ட் அப்சார்ப் மின்சாரத்தைக் குடிக்கும், ஃபாலோ மீ போட்டால் எதிராளியின் அடிகள் அதன் பக்கம் திரும்பும். பக்கத்தில் நிற்கும் கியாரடோஸுக்கு மின்சார பயமே இல்லை. என் கியாரடோஸ் ராட்டத்திடம் செத்த தடவைகளை எண்ணிக்கொண்டே பார்த்தேன். பிடித்த போகிமானை வைத்து ஜெயிக்கலாம்தான், ஆனால் அவர் அதற்கு ஒரு வேலை கொடுத்திருந்தார். நான் என் சாரிஸார்டுக்குக் கொடுக்கவில்லை.

போன விடுமுறைக்கு அக்கா மகன் வந்திருந்தான், பதினோரு வயது. நான் ஆடுவதை ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு, "மாமா, எனக்கும் ஒரு டீம்" என்றான். மாதிரி டீம் ஒன்றைக் காட்டினேன். முகம் சுருங்கியது.

"இதுல சாரிஸார்டே இல்லையே மாமா."

"ரேண்டம் பேட்டில் ஆடுறியா டா? அதுல வந்தாலும் வரும்."

"வேண்டாம். எனக்கு சாரிஸார்ட் வேணும்."

கணக்கு, ஸ்டெல்த் ராக், 148 எதையும் சொல்லவில்லை. அவன் சொன்ன ஆறு பேரையும் தட்டச்சு செய்தேன். சாரிஸார்டின் ஐட்டம் கட்டத்தில் மட்டும் ஹெவி டியூட்டி பூட்ஸ் என்று போட்டேன், கல்லில் கால் படாமல் இருக்க. அவன் கவனிக்கவில்லை. முதல் ஆட்டத்தைத் தோற்றான், நான்கு டர்ன் நின்ற இடத்திலேயே நின்று அடித்து.

"இன்னொன்னு மாமா" என்றான்.