கெனன் எஸ்எக்ஸ்70 எச்எஸ்: குறைந்த செலவில் தூரத்துப் பறவையை எட்டிப் பிடிக்கும் கமரா

மாரி ஓய்ந்து தை, மாசி பிறக்கும்போது யாழ்ப்பாணத்தின் மண்டைதீவுப் பக்கத்து ஆழமற்ற நீரிலும் சரசாலை வெளியிலும் பூநாரைகள் வந்து நிற்பதைப் பார்க்கப் போகிறவர்கள் எல்லோரும் கைத்தொலைபேசியை நீட்டிப் படம் எடுக்கிறார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் தண்ணீரும் வானமும் இருக்கும், பறவை வெள்ளைப் புள்ளியாகத்தான் இருக்கும். லென்ஸ் மாற்றும் கமரா ஒன்றையும் அதற்கு 600 மி.மீ. லென்ஸ் ஒன்றையும் வாங்குவதென்றால் செலவு இலட்சக்கணக்கில் போய்விடும். மாதச் சம்பளக்காரரும் படிக்கிற பிள்ளைகளும் எட்டிப் பிடிக்கக்கூடிய விலையில், இந்தப் பறவைகளை அருகே கொண்டுவரும் கமரா எது என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். லென்ஸ் கழற்ற முடியாத, பெரிய சூம் கொண்ட 'பிரிட்ஜ்' வகைக் கமராக்களில், நான் பாவித்துவரும் கெனன் பவர்ஷொட் எஸ்எக்ஸ்70 எச்எஸ் என்பதையே முதலில் பரிந்துரைக்கிறேன். ஆனால் அது எல்லோருக்கும் எல்லா வேளைக்கும் பொருந்தாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கடைக்குப் போனால் முதலில் காதில் விழுவது '65 எக்ஸ்', '83 எக்ஸ்' என்ற எண்தான். இந்த எண் கமராவின் மிக நீண்ட குவியத்தூரத்தை (லென்ஸ் எவ்வளவு தூரத்தை அருகே கொண்டுவரும் என்பதை மில்லிமீற்றரில் சொல்லும் அளவு அது) மிகக் குறுகியதால் வகுத்தால் வருவது, அவ்வளவுதான். எவ்வளவு தூரம் எட்டும் என்பதை அது தனியாகச் சொல்லாது. எஸ்எக்ஸ்70 இன் லென்ஸ், முழுச்சட்டகக் கமராவின் (பழைய பிலிம் சட்டத்தின் அளவான படப்பரப்புக் கொண்ட பெரிய கமராவின்) கணக்கில், 21 மி.மீ. இல் தொடங்கி 1365 மி.மீ. வரை போகிறது, அதனால் 65 மடங்கு. பனசொனிக் லூமிக்ஸ் எஃப்இசட்82 என்பது 20 இல் தொடங்கி 1200 இல் முடிகிறது, அதனால் 60 மடங்கு. நிக்கொன் கூல்பிக்ஸ் பி950 என்பது 24 இல் தொடங்கி 2000 இல் முடிகிறது, அதனால் 83 மடங்கு. ஆகவே கடைக்காரரிடம் கேட்க வேண்டியது எத்தனை மடங்கு என்பதல்ல, கடைசியில் எத்தனை மில்லிமீற்றர் என்பதே.

இந்த மில்லிமீற்றர் கணக்கைக் கடலேரிக்குக் கொண்டுபோய்ப் பார்க்கலாம். நாம் நிற்கும் றோட்டிலிருந்து 200 மீற்றர் தூரத்தில் ஏறத்தாழ 1.3 மீற்றர் உயரமான பூநாரை ஒன்று நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். நல்ல கைத்தொலைபேசியின் 5 மடங்கு ஒளியியல் சூமில், அதாவது ஏறத்தாழ 120 மி.மீ. இல், அந்தத் தூரத்தில் படத்தின் உயரத்துக்குள் 43 மீற்றர் அளவான காட்சி அடங்கும். பறவை அதில் முப்பதில் ஒரு பங்குகூட வராது. எஸ்எக்ஸ்70 இன் 1365 மி.மீ. இல் அதே உயரத்துக்குள் 3.8 மீற்றர்தான் அடங்கும். பறவை படத்தின் மூன்றிலொரு பங்கு உயரத்துக்கு நிற்கும், அலகின் கருநுனியும் காலின் மூட்டு மடிப்பும் தெரியும். பி950 இல் சரிபாதி. 1200 மி.மீ. உடைய எஃப்இசட்82 இல் மூன்றிலொன்றுக்குச் சற்றுக் குறைவு. முழுநிலவை எடுத்துப் பார்த்தாலும் இதே விகிதம்தான்: எஸ்எக்ஸ்70 இல் நிலவு படத்தின் அரைவாசி உயரம் வரும், பி950 இல் பத்தில் ஏழு பங்கு வரும். கைத்தொலைபேசியில் விரலால் விரித்துப் பெருப்பிப்பது படத்தை வெட்டிப் பெரிதாக்குவதுதான். அந்தக் குறையை எந்த மென்பொருளாலும் முழுமையாக ஈடுசெய்ய முடியாது என்பது என் உறுதியான கருத்து.

இவ்வளவு நீண்ட லென்ஸை 610 கிராம் அளவு எடைக்குள் அடக்க முடிவதற்குக் காரணம் உள்ளே இருக்கும், ஒளியைப் படமாக்கும் சென்சரின் சிறுமை. ஏறத்தாழ 6.2 மி.மீ. அகலமும் 4.6 மி.மீ. உயரமும் கொண்ட அந்தச் சென்சர், ஒரு முழுச்சட்டகச் சென்சரின் முப்பதில் ஒரு பங்கு பரப்புத்தான். சென்சர் சிறிதானால் உண்மையான லென்ஸும் சிறிதாகிறது: எஸ்எக்ஸ்70 இன் உண்மையான குவியத்தூரம் கடைசியில் 247 மி.மீ. மட்டுமே. கையில் தூக்கிக்கொண்டு குறிகட்டுவானில் படகேறி நெடுந்தீவுக்குப் போய், வெளியில் மேயும் குதிரைகளை எட்டத்திலிருந்து எடுத்துவர இந்தச் சிறுமையே உதவுகிறது. ஆனால் அதே சிறுமைதான் வெளிச்சம் மங்கும்போது கமராவைத் திணறவைக்கிறது. சூமை முழுதாக நீட்டினால் லென்ஸின் துளை எஃப்6.5 க்கு ஒடுங்கிவிடுகிறது (எஃப் எண் பெரிதானால் துளை சிறிது, வெளிச்சம் குறைவு). ஒளியுணர்வைக் குறிக்கும் ஐஎஸ்ஓ எண்ணில் 3200 க்கு மேல் இந்தக் கமரா ஏறாது, அதற்கு வெகு முன்னரே, 800 ஐத் தாண்டியவுடன், இறகின் நுண்வரிகள் குழைந்து போவதைக் காணலாம்.

வெயிலில் அந்தக் கவலையில்லை. நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100 இலேயே எஃப்6.5 க்கு வினாடியின் அறுநூறில் ஒரு பங்கு ஷட்டர் வேகம் கிடைக்கும். நின்று மேயும் பறவைக்கு அது தாராளம். சூரியன் எழுந்து முதல் ஒரு மணித்தியாலத்தில் ஐஎஸ்ஓவை 400 வரை உயர்த்த வேண்டிவரும், அதுவும் ஏற்கத்தக்கதே. அந்த நேரத்தைத் தவறவிடக் கூடாது என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. வெயில் ஏறத்தொடங்கியதும் தரையிலிருந்தும் ஆழமற்ற நீரிலிருந்தும் எழும் சூட்டுக்காற்றினால் கானல் அலையாடத் தொடங்கும். அதற்குப் பிறகு எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸானாலும் தூரத்துப் பறவையின் ஓரங்கள் நெளிந்துதான் பதிவாகும். இதைக் கமராவின் பழுது என்று எண்ணிக் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோவோரும் உண்டு. காலையில் யாழ் நகரின் பண்ணைக் கடலோரப் பக்கமிருந்து மேற்கு நோக்கி நின்றால் வெளிச்சம் முதுகுப் பக்கமாக வந்து பறவையின் மேல் விழும், கானலும் குறைவு. அந்த ஒரு மணித்தியாலத்தில் இந்தக் கமரா தன் விலையை மிஞ்சிய படங்களைத் தருகிறது.

கண்ணை வைத்துப் பார்க்கும் இதன் வியூபைண்டரை நான் தனியாகப் பாராட்ட வேண்டும். ஏறத்தாழ 23.6 இலட்சம் புள்ளிகள் கொண்ட தெளிவான வியூபைண்டர் அது. 1365 மி.மீ. இல் கமரா ஒரு நூலளவு அசைந்தாலும் பறவை படத்தைவிட்டு வெளியே போய்விடும்; கைகளை நீட்டித் திரையைப் பார்த்துக்கொண்டு எடுப்பவரால் அதைப் பிடித்து நிறுத்த முடியாது, வெயிலில் திரையும் தெரியாது. கமராவைப் புருவத்தோடு ஒட்டி, இரு முழங்கைகளையும் விலாவோடு அணைத்து, பாலத்தின் கட்டிலோ மோட்டார் சைக்கிளின் இருக்கையிலோ சாய்ந்து எடுக்கும்போதுதான் கமராவுக்குள் இருக்கும் அதிர்வுத் தடுப்பும் முழுப் பயனைத் தருகிறது. பறவை தவறிவிட்டால் லென்ஸின் பக்கவாட்டில் உள்ள பொத்தானை அழுத்திப் பிடித்தால் சூம் தானாகப் பின்வாங்கிச் சுற்றுப்புறத்தைக் காட்டும், பறவையைக் கண்டு பொத்தானை விட்டால் மீண்டும் பழைய இடத்துக்கே நீளும். சிறிய வசதி என்று தோன்றும் இதை ஒருமுறை பழகிவிட்டால் இல்லாத கமராவைப் பாவிக்க மனம் வராது.

குறைகளும் உள்ளன. திரை எப்பக்கமும் திரும்பும், ஆனால் தொடுதிரை அல்ல. குவியப் புள்ளியைப் பொத்தான்களால்தான் நகர்த்த வேண்டும். வெளிப் பிளாஷ் பொருத்துவதற்குரிய இடம், இதற்கு முந்தைய எஸ்எக்ஸ்60 இல் இருந்தது, இதில் நீக்கப்பட்டுவிட்டது. ஒரு தடவை முழுதாக ஏற்றிய பற்றரி, திரையைப் பாவித்தால் ஏறத்தாழ 325 படங்களுக்கும் வியூபைண்டரைப் பாவித்தால் அதற்குக் குறைவாகவும் வரும் என்று நிறுவனமே சொல்கிறது. பறவைகள் கூடும் சுண்டிக்குளம் போன்ற இடத்துக்கு நாள் முழுவதும் போகிறவர் இரண்டாவது பற்றரி இல்லாமல் போகக் கூடாது. வெறும் வானத்தின் முன் அசையும் பொருளில் குவியம் தடுமாறுவது இன்னொரு குறை. தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஏறும் பட்டங்களை எடுக்கும்போது இதை நன்கு உணரலாம். அங்கே முழுச் சூமுக்குப் போகாமல் 400 முதல் 600 மி.மீ. க்குள் நின்று, பட்டத்தின் சட்டம் வானத்தோடு சேரும் ஓரத்தில் குவியத்தைப் பிடித்தால் அதன் நுண்விவரங்கள்கூடத் தெளிவாக வரும்.

நல்லூர்த் திருவிழாவுக்கு என்று வாங்க நினைப்பவர்களுக்குச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கோயிலுக்குள் படம் எடுக்க அனுமதியில்லை, எடுப்பதெல்லாம் வெளிவீதியில்தான். 25 நாள் திருவிழாவில் தேரன்று காலையில், சனத்துக்குப் பின்னால் எட்டத்தில் நின்று தேரின் சிற்பங்களையும் வடம் பிடிப்பவர்களின் முகங்களையும் எடுக்க எஸ்எக்ஸ்70 மிக நன்று. தேருக்கு முந்திய நாள் இரவுச் சப்பறத்துக்கு அது உதவாது. மின்விளக்குகளின் ஒளியில் அசைந்து வரும் சப்பறத்தை எஃப்6.5 துளையால் எடுக்க முயன்றால் படம் கலங்கும் அல்லது மணல் தூவியதுபோல் வரும். இரவுத் திருவிழாவும் கலியாண மண்டபமும்தான் முதன்மைத் தேவை என்பவர் பனசொனிக் எஃப்இசட்330 ஐப் பார்ப்பது நல்லது. 2015 இல் வந்த கமரா, 24 மடங்கு, 12 மெகாபிக்சல் என்று கேட்கும்போது பழையதாகவும் சிறியதாகவும் தோன்றும். ஆனால் அதன் துளை 25 மி.மீ. முதல் 600 மி.மீ. வரை எஃப்2.8 ஆகவே நிற்கிறது. எஃப்6.5 உடன் ஒப்பிட்டால் அது ஐந்து மடங்குக்கு மேற்பட்ட வெளிச்சம். தூசியும் நீர்த்தெறிப்பும் தாங்கும் உடல் அதற்கு உண்டு என்பது கடற்கரையில் படம் எடுப்பவருக்கு மேலும் ஒரு நன்மை. மெகாபிக்சல் குறைவு என்று தயங்க வேண்டாம். இவ்வளவு சிறிய சென்சரில் அதன் 12 க்கும் எஸ்எக்ஸ்70 இன் 20 க்கும் இடையேயுள்ள வித்தியாசத்தை வெளிச்சத்தின் அளவு எளிதாக விழுங்கிவிடும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். பி950 இன் படங்கள் எஸ்எக்ஸ்70 ஐ விடத் தூரத்தில் தெளிவானவை, பறவைக்கும் நிலவுக்கும் தனி முறைகளே அதன் மேற்சக்கரத்தில் உண்டு. ஆனால் எடை ஒரு கிலோ, வெளியானபோது அமெரிக்காவில் அதன் விலை 800 டொலர், எஸ்எக்ஸ்70 இன் விலை 550 டொலர். எஃப்இசட்82 அதைவிடவும் மலிவு, 400 டொலருக்கு வந்தது. லென்ஸ் நல்லது, வியூபைண்டர் சிறியது, திரை அசையாதது. 2024 இல் வந்த எஃப்இசட்82டி இல் வியூபைண்டரைத் திருத்தியிருக்கிறார்கள், யூஎஸ்பி-சி யும் வந்திருக்கிறது. புதிதாகவே வாங்க வேண்டும் என்று நினைப்பவருக்கு இன்று அதுவே பொருத்தம். சட்டைப்பைக்குள் போடக்கூடிய கெனன் எஸ்எக்ஸ்740 என்பது 960 மி.மீ. வரை எட்டினாலும் வியூபைண்டர் இல்லாததால் பறவைக்கு நான் அதைச் சொல்லமாட்டேன், பிரயாணத்துக்கு நல்லது.

எஸ்எக்ஸ்70 என்பது 2018 இல் வெளியானது. ஆதலால் யாழ்ப்பாணத்தில் பலருக்கு அது பாவித்த கமராவாகவோ வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினர் கொண்டுவந்ததாகவோதான் கைக்கு வரும். கனடாவிலிருந்து வந்தால் சார்ஜர் எரிந்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை, அது 100 முதல் 240 வோல்ற் வரை ஏற்கும். பிளக்கின் வடிவத்துக்கு ஓர் அடப்டர் போதும். உத்தரவாதம் பெரும்பாலும் வாங்கிய நாட்டில்தான் செல்லும் என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பாவித்ததை வாங்கும்போது கடைக்குள் நின்றே பார்த்துத் திருப்தியடையாமல் வாசலுக்கு வந்து பார்க்க வேண்டும். கஸ்தூரியார் வீதியில் நிற்கிறீர்கள் என்றால் வீதியின் மறுகோடியில் உள்ள பெயர்ப்பலகை ஒன்றை முழுச் சூமில் எடுத்து, திரையில் பெருப்பித்து, எழுத்தின் ஓரங்கள் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே கூர்மையோடு இருக்கின்றனவா என்று பாருங்கள்; ஒரு பக்கம் மட்டும் மங்கினால் லென்ஸ் எங்கோ அடிபட்டிருக்கிறது. சூமை மெல்ல நீட்டி மடக்கும்போது காதை அருகில் வைத்துக் கேளுங்கள். கரகரவென்று அரைத்தால் உள்ளே மணல் போயிருக்கிறது, அதை வாங்கவே வேண்டாம். சாட்டி, கசூரினாக் கடற்கரைகளில் காற்றுக்குள் லென்ஸை நீட்டியபடி வைத்திருந்த கமராக்களுக்கு நேர்வது இதுவே. பின்னர் கைத்தொலைபேசியின் வெளிச்சத்தைச் சாய்வாக லென்ஸுக்குள் அடித்துப் பாருங்கள்; சிலந்தி நூல்போல் வெண்மையாகக் கிளைவிட்டிருந்தால் அது பூஞ்சணம். நம்முடைய ஈரக்காற்றில் அது பரவிக்கொண்டே போகும், இந்த வகை லென்ஸைக் கழற்றித் துடைப்பதற்கு ஆகும் கூலி கமராவின் விலையை நெருங்கிவிடும். வாங்கிய பின் காற்றுப் புகாத பிளாஸ்ரிக் பெட்டியொன்றில் சிலிக்கா ஜெல் பைகளோடு வைத்து, அந்தப் பைகளை மாரிகாலத்தில் அடிக்கடி மாற்றிவர வேண்டும்.