டிகாஷனுக்காக வறுப்பது: மேசைமேல் வைக்கும் காபி வறுப்பு இயந்திரத்துடன் சில ஆண்டுகள்

வீட்டில் காபிக் கொட்டை வறுக்கும் சிறிய இயந்திரம் ஒன்றைச் சேலத்தில் எங்கள் வீட்டில் சில ஆண்டுகளாகத் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறேன். அது நன்றாக வறுக்கிறதா என்று கேட்டால் ஆம் என்பதே என் விடை. ஆனால் அது பில்டர் காபியை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட இயந்திரம் அன்று. அதனுடன் வரும் கையேடும், வீட்டு வறுப்பைப் பற்றிப் பொதுவாகக் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவையும், பால் சேர்க்காமல் அருந்தும் கறுப்புக் காபிக்காக எழுதப்பட்டவை. கொட்டையின் புளிப்பையும் பழ மணத்தையும் இளவறுப்பில் காப்பாற்றுவதே அவற்றின் நோக்கம். கெட்டியான டிகாஷனை இறக்கி, காய்ச்சிய பாலும் சர்க்கரையும் சேர்த்துக் குடிக்கும் வீட்டுக்கு அந்த வறுப்பு ஒத்துவராது. பாலில் அந்தப் புளிப்பு தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். காபியின் மணமோ பாலுக்குள் அமுங்கிவிடும். இயந்திரத்தை நம் டிகாஷனுக்குப் பழக்க என்னென்ன தேவைப்பட்டன என்பதையே இங்கே எழுதுகிறேன்.

மேசைமேல் வைக்கும் இயந்திரங்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று, வெப்பக் காற்றைக் கீழிருந்து வேகமாக ஊதிக் கொட்டைகளை அந்தரத்தில் புரட்டி வறுப்பது. விரைவாக வறுக்கும், ஆனால் ஒரு முறைக்குக் கொள்ளும் அளவு குறைவு. மற்றொன்று, சுழலும் உருளைக்குள் கொட்டை உருண்டு வறுபடுவது. என்னிடம் இருப்பது இரண்டாம் வகை. கண்ணாடி உருளை, 1300 வாட் மின்சூடேற்றி, வெப்பநிலைக்கு ஒரு திருகு, நேரத்துக்கு ஒரு திருகு, உதிரும் தோலைப் பிடிக்க ஒரு பெட்டி, அவ்வளவுதான். ஒரு முறைக்கு 250 கிராம் பச்சைக் கொட்டை போடலாம் என்பது தயாரிப்பாளர் கணக்கு. உருளை கண்ணாடியாக இருப்பதையே இதன் பெரிய சிறப்பாகக் கருதுகிறேன். நிறம் மாறுவதைக் கண்ணால் பார்த்துக் கற்க முடியாத இயந்திரத்தைப் புதிதாகத் தொடங்குபவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

முதலில் மின்சாரத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் கையேட்டில் இல்லாத செய்தி இது. சூடேற்றும் கம்பியின் ஆற்றல் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 வோல்ட்டில் 1300 வாட் தரும் கம்பி, 200 வோல்ட்டில் ஏறத்தாழ 980 வாட்தான் தரும். கால் பங்கு சூடு காணாமல் போகிறது. எங்கள் பகுதியில் கோடைகால மாலைகளில், தெருவில் எல்லா ஏசியும் ஓடும் நேரத்தில், மின்னழுத்தம் இப்படி இறங்குவது வழக்கம். அந்த நேரத்தில் போட்ட கொட்டை அதே நிறத்துக்கு வர ஐந்தாறு நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். நிறம் வந்துவிட்டதே என்று இறக்கினாலும் சுவை வராது; மெதுவாகச் சூடேறிய கொட்டை வறுபடுவதற்குப் பதில் உள்ளே காய்ந்து, டிகாஷன் மணமின்றித் தட்டையாக இருக்கும். நான் இதற்கென 2 கேவிஏ ஸ்டெபிலைசர் ஒன்றைச் சேர்த்திருக்கிறேன். அது இல்லாதவர்கள் காலையில் வறுப்பதும், 250 கிராமுக்குப் பதில் 200 கிராம் போடுவதும் போதுமான தீர்வு.

கொட்டைக்கு வருவோம். பழைய காபித்தூள் கடைகளில் கேட்டால் பச்சைக் கொட்டையை எடைபோட்டுத் தருவார்கள். ஏற்காடு, தாண்டிக்குடி, வால்பாறைப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் சிலர் நேரடியாகவும் விற்கிறார்கள். தரப்பெயர்களை அறிந்துகொண்டு போவது நல்லது. பழத்தோலை நீக்கி நீரில் அலசிப் பதப்படுத்திய அரபிக்காவுக்குப் பிளான்டேஷன் என்றும், அப்படியே பதப்படுத்திய ரொபஸ்டாவுக்குப் பார்ச்மென்ட் என்றும் பெயர். பழத்தோடு வெயிலில் உலர்த்தி உரித்தது இரண்டிலுமே செர்ரி. பழத்துக்குள் இரண்டு விதைக்குப் பதில் ஒரே விதையாக உருண்டு விளைந்தது பீபரி. வீட்டு உருளைக்குப் பீபரியைப் போல ஒத்துழைக்கும் கொட்டை வேறில்லை. தட்டைப் பக்கம் இல்லாததால் ஒட்டாமல், தேங்காமல் உருண்டு ஒரே சீராக நிறம் ஏறும். செர்ரியில் வெள்ளித்தோல் நிறைய உதிரும், பெட்டி விரைவில் நிரம்பும். எனக்குப் பிடித்தது சேர்வராயன் மலையில் விளைந்த எஸ்.795 பீபரி. கர்நாடகத்தின் பாலெஹொன்னூர் காபி ஆய்வு நிலையத்தில் உருவாகி 1940களில் விவசாயிகளிடம் வந்த அந்த வகை இன்றும் நம் மலைகளில் பரவலாக இருக்கிறது; அதன் இனிப்பு பாலுக்குள்ளும் நிற்கிறது.

பச்சைக் கொட்டையில் ஈரம் 10 முதல் 12 விழுக்காடு வரை இருக்கும். ஈரமும் வெயிலும் படாமல் வைத்தால் ஓராண்டு வரை பெரிதாகக் கெடுவதில்லை. வறுத்த கொட்டை சில வாரங்களிலும், அரைத்த தூள் சில நாட்களிலும் மணம் இழக்கும். மாதத்துக்கு இரண்டு கிலோ பச்சைக் கொட்டை வாங்கி வைத்து வேண்டும்போது வறுத்துக்கொள்ள முடிகிறது என்பதுதான் இந்த ஏற்பாட்டின் அடிப்படை வசதி.

இனி வறுப்பு. உருளை சுழலத் தொடங்கிய முதல் ஐந்தாறு நிமிடங்களில் ஈரம் வெளியேறும். கொட்டை பச்சை நிறம் வெளிறி மஞ்சளாகும். நனைந்த வைக்கோல் மணம் வரும். பிறகு மஞ்சள் பழுத்துத் தவிட்டு நிறமாகி, ரொட்டி சுடும் மணம் எழும். பதினோராவது நிமிடத்திலிருந்து பதின்மூன்றாவது நிமிடத்துக்குள் முதல் வெடிப்பு கேட்கும். கொட்டைக்குள் திரண்ட நீராவியும் வாயுவும் அழுத்தம் தாங்காமல் அதைப் பிளந்துகொண்டு வெளிவரும் ஒலி அது: தெளிவான, ஒன்றிலிருந்து ஒன்று பிரித்து எண்ணக்கூடிய ஓசை. கொட்டை பருத்து, நடுக்கோடு விரிந்து, தோல் பறக்கும். கொட்டையின் சொந்த வெப்பநிலை அப்போது ஏறத்தாழ 196 டிகிரி செல்சியஸ். ஆனால் என் இயந்திரத்தின் திரையில் அந்த நேரத்தில் 225க்கு மேல் காட்டும், ஏனென்றால் அது அளப்பது காற்றின் சூட்டை, கொட்டையின் சூட்டை அன்று. ஆகவே இன்னொருவர் தம் இயந்திரத்தில் குறித்த எண்களை இதில் போட்டுப் பார்ப்பதில் பயனில்லை. ஒலியைக் கேட்டு நிமிடத்தைக் குறித்துக்கொள்வதே நம்பகமான வழி.

கறுப்புக் காபிக்காரர்கள் முதல் வெடிப்பு முடியும்போதே, சிலர் அதற்கும் முன்பே, இறக்கிவிடுவார்கள். டிகாஷனுக்கு வறுப்பவர் உண்மையாக வேலை செய்ய வேண்டிய இடமே அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. வெடிப்பு ஓய்ந்ததும் சிறிது நேரம் அமைதி. அந்த அமைதிக்குள் புளிப்பு குறைகிறது, கசப்பு மெல்ல ஏறுகிறது, டிகாஷனுக்கு வேண்டிய கனம் உருவாகிறது. அமைதிக்கு அடுத்தது இரண்டாம் வெடிப்பு. கொட்டைச் சூடு ஏறத்தாழ 224 டிகிரியை எட்டும்போது, நுண்ணிய, நெருக்கமான சடசடப்பாக, கடுகு வெடிப்பது போலக் கேட்கும். அதற்குள் போய்விட்டால் எண்ணெய் மேலே கசிந்து, எந்தத் தோட்டத்துக் கொட்டையும் ஒரே கருகல் சுவையில் முடியும்.

எங்கள் ஊர்க் கடையொன்றில் பல காலமாகக் கொட்டை வறுப்பவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். “சத்தம் நின்னதும் இறக்கிடாதீங்க சார். எண்ணெய் தெரியறதுக்கு முன்னாடி இறக்கிடுங்க. அந்த நடுவுலதான் நம்ம காபி இருக்கு” என்றார். இதைவிடச் சரியான வழிகாட்டலை நான் எங்கும் பெறவில்லை. என் இயந்திரத்தில் முதல் வெடிப்பு தொடங்கியதிலிருந்து மூன்றரை முதல் நான்கு நிமிடம் வரை என்பது அந்த நடு இடம். வெடிப்பு தொடங்கும்போதே வெப்பநிலைத் திருகைப் பத்து டிகிரி குறைத்துவிடுகிறேன். அப்படிக் குறைத்தால் அமைதிக் காலம் நீண்டு, முடிவெடுக்க அவகாசம் கிடைக்கிறது. இறக்கும்போது எடைபோட்டால் 250 கிராம் ஏறத்தாழ 210 கிராமாக வரும், அதாவது 16 விழுக்காடு இழப்பு. நிறத்தைப் பார்வை ஏமாற்றலாம், குழல்விளக்கின் கீழ் ஒரு மாதிரியும் பகலில் ஒரு மாதிரியும் தெரியும், எடை ஏமாற்றாது. ஒவ்வொரு முறையும் எடையிழப்பைக் குறித்துவைத்தால், பிடித்துப்போன காபியை மறுபடியும் அதே சுவையில் கொண்டுவர முடியும்.

இயந்திரத்தின் பெரிய குறை ஆறவைக்கும் முறை. சூடேற்றியை நிறுத்திவிட்டு அதே உருளைக்குள் காற்றை ஊதி 60 டிகிரிக்கு இறங்கும்வரை காத்திருக்கிறது. பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடத்தின் முதல் பகுதியில் கொட்டை தன் சொந்தச் சூட்டிலேயே வறுபட்டுக்கொண்டிருக்கிறது. இளவறுப்பில் இது பெரிய வேறுபாடு தராது. இரண்டாம் வெடிப்பின் வாசலில் நிறுத்த நினைக்கும் நமக்கோ இது நேரடிச் சேதம். அதனால் நான் இயந்திரம் ஆறும்வரை காத்திருப்பதில்லை. தடித்த கையுறை அணிந்து உருளையைக் கழற்றி, அகன்ற இரும்புச் சல்லடையில் கொட்டையைக் கவிழ்த்து, மேசை விசிறிக்கு முன் புரட்டி, மூன்று நிமிடத்தில் கை பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவந்துவிடுகிறேன். காலி உருளையை மறுபடியும் பொருத்தி, இயந்திரத்தைத் தனியாக ஆற விட வேண்டும். சூட்டோடு மின்சாரத்தைத் துண்டிப்பது அதற்கு நல்லதன்று.

புகையைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். முதல் வெடிப்பு வரை பொருட்படுத்தும்படி இராது. நம் வறுப்பின் கடைசி இரண்டு நிமிடத்தில் நன்றாகவே வரும். திறந்த பால்கனியோ பலமான எக்ஸாஸ்ட் விசிறியோ இல்லாத அடுக்குமாடி வீட்டில் இது நடக்காது.

வறுத்த கொட்டையை உடனே அரைக்கக்கூடாது என்பதை எல்லாரும் சொல்வார்கள். பில்டரில் அதற்கான காரணம் கண்ணெதிரே தெரியும். மறுநாளே அரைத்த தூளில் கொதிநீரை ஊற்றினால், உள்ளே அடைபட்ட கரியமில வாயு வெளியேற, தூள் குபுகுபுவென நுரைத்து எழும்பி மேலே வைத்த அழுத்தும் தட்டையே தூக்கிவிடும். நீர் ஒரு பக்கமாக வழி கண்டு விறுவிறுவென இறங்கும். அடித்தட்டில் சேர்வது வெளிறிய, காரமான டிகாஷன். நான்கைந்து நாள் மூடிவைத்து அரைத்தால் தூள் படிந்து நின்று, சொட்டுச்சொட்டாக, பாகு போன்ற அடர்த்தியுடன் இறங்கும். அரைப்பதற்கு மிக்ஸி வேண்டாம். தூள் சூடேறும், பொடியும் குருணையுமாகக் கலந்து நிற்கும். கொட்டையை இரண்டு பல்வட்டுகளுக்கிடையே நசுக்கி ஒரே சீராக அரைக்கும், கையால் சுற்றும் பர் கிரைண்டர் இதற்குப் போதும்.

கலவையில் நான் வந்து நிற்கும் இடம் இது: எழுபது பங்கு அரபிக்கா பீபரி, முப்பது பங்கு ரொபஸ்டா பார்ச்மென்ட். இரண்டையும் சேர்த்து வறுக்கக்கூடாது. ரொபஸ்டாவின் வெடிப்பு அடங்கிய ஒலியில் வரும், நிறம் ஏறவும் நேரம் எடுக்கும். சேர்த்துப் போட்டால் ஒன்று முற்றும்போது மற்றது பச்சை வாடையோடு நிற்கும். தனித்தனியே வறுத்து, ஆறிய பின் கலக்க வேண்டும். நன்றாக வறுத்த ரொபஸ்டா டிகாஷனுக்குத் தரும் கனத்தைக் கண்ட பிறகு, அதை மலிவுச் சரக்கென்று ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. நம் நாட்டில் விளையும் காபியில் பெரும்பகுதி அதுதான். கவனித்து வறுப்பவர்கள் கைக்கு அது வரவேண்டும்.

சிக்கரி பற்றியும் ஒரு சொல். காபி-சிக்கரிக் கலவையென விற்பதில் காபி 51 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. மீதம் 49 வரை சிக்கரியாக இருக்கலாம் என்பதே அதன் மறுபக்கம். வீட்டில் வறுத்த தூளுக்கு அவ்வளவு தேவைப்படாது. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சிக்கரி இல்லாமல் குடிக்க விரும்புவதில்லை. அவர்களுக்காகப் பத்து விழுக்காடு சேர்க்கிறேன், அவர்களும் மனநிறைவோடு குடிக்கிறார்கள்.

செலவைப் பொறுத்தவரை, ஒரு வறுப்புக்கு அரை யூனிட்டுக்கும் குறைவான மின்சாரம்தான். பச்சைக் கொட்டை வறுத்ததைவிட மலிவு. ஆனால் இறக்குமதி இயந்திரத்தின் விலையைத் தூள் வாங்கும் காசில் மிச்சம் பிடித்து ஈடுகட்டிவிடலாம் என்று எண்ணி யாரும் வாங்க வேண்டாம். ஒரு குடும்பத்தின் காபிச் செலவில் அது நீண்ட காலம் பிடிக்கும். ஆர்வத்தைச் சோதித்துப் பார்க்க விரும்புபவர்கள் முதலில் நம் பாட்டிமார் அடுப்பில் சுழற்றிய கைப்பிடி உருளையை வாங்கிக் கேஸ் அடுப்பில் வைத்துப் பழகலாம். இரண்டு வெடிப்புகளின் ஒலியையும் அது குறைவில்லாமல் கற்றுத்தரும். இயந்திரமே வேண்டும் என்று தீர்மானித்தவர்கள், விற்பவரிடம் இரண்டு கேள்விகளுக்கு விடை பெற்ற பின்பே பணம் கட்ட வேண்டும்: அது 230 வோல்ட்டுக்கென்றே செய்யப்பட்டதா, கண்ணாடி உருளையும் சூடேற்றியும் உதிரிபாகமாக உள்நாட்டில் கிடைக்குமா. முதற்கேள்விக்கு மின்மாற்றி வைத்துச் சமாளிக்கலாம் என்று பதில் வந்தால் அந்த இயந்திரத்தை விட்டுவிடுவது நல்லது.